சொந்த ஊர் எது? ஓக்லாந்து நாவலை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

ஃப்ரீமான்ட்டிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஓக்லாந்து நகரில் வாழும் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி டாமி ஆரஞ்ச் எழுதி 2018-இல் வெளிவந்த 'தேர் தேர்' (There There) நாவலை வாசித்தவர்கள் இங்கே ஐந்தாறு பேராவது இருப்பீர்கள். (தமிழில் எழுதியதும் இரண்டு தேர்கள் வந்து நிற்கின்றன, வேறு வழியில்லை.) மதிப்புரைகள் போதுமான அளவுக்கு வந்துவிட்டன. நான் கேட்பது வேறு. அந்த நாவல் பேசும் மக்களையோ இடத்தையோ நீங்கள் நேரில் எதிர்கொண்டதுண்டா, அது உங்கள் வாசிப்பை என்ன செய்தது என்பதை எழுதுங்கள். முதலில் என் கதை.

பதினோரு ஆண்டுகளாக ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயிலில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வழியில் ஓக்லாந்தின் விளையாட்டரங்கமான கொலிசியத்தின் நிலையம் வரும், அடுத்தது ஃப்ரூட்வேல். கொலிசியம் என்றால் ஆட்டம் நடந்த மாலைகளில் உட்கார இடம் கிடைக்காது என்பதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரிந்ததில்லை. நாவலில் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு காரணங்களோடு அந்த அரங்கத்தை நோக்கி வருகிறார்கள். பவ்வாவ் எனப்படும் பெருவிழா, பல பூர்வகுடி இனங்களும் கூடி முரசடித்து ஆடும் விழா, அங்கே நடக்கவிருக்கிறது. ஒருவன் அதைக் கொள்ளையடிக்க வருகிறான், ஒருவன் முகநூலில் கண்டுபிடித்த தந்தையைப் பார்க்க வருகிறான், ஒருவன் யாரிடமும் சொல்லாமல் ஆட வருகிறான்.

அமெரிக்கப் பூர்வகுடிகள் என்றால் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளான ரிசர்வேஷன்களில் வாழ்பவர்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன். பெரும்பாலோர் நகரங்களில் வாழ்கிறார்கள் என்பதையும், அதன் பின்னே ஓர் அரசுத் திட்டம் இருந்தது என்பதையும் நாவலை வாசித்த பிறகே தேடிப் படித்தேன். 1950-களில் அமெரிக்க அரசின் இந்தியர் (அதாவது பூர்வகுடிகள்) விவகாரத் துறை, வேலை கிடைக்கும் என்று சொல்லி, ஒருவழிப் பயணச் சீட்டும் சில வாரச் செலவுக்குப் பணமும் கொடுத்து, குடும்பம் குடும்பமாகச் சிகாகோ, டென்வர், லாஸ் ஏஞ்சலிஸ், ஓக்லாந்து போன்ற நகரங்களுக்கு அனுப்பியது. அதே காலத்தில், 1953-இல், பூர்வகுடி இனங்களோடு அரசுக்கு இருந்த தனி உறவை முடித்துக்கொள்வதே கொள்கை என்று நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நகரத்துக்கு வந்தால் கரைந்துவிடுவார்கள் என்பது கணக்கு. வந்தவர்கள் கூடிக்கொள்ள 1955-இலேயே ஓக்லாந்தில் 'இன்டர்டிரைபல் ஃப்ரெண்ட்ஷிப் ஹவுஸ்' என்று ஓர் இடம் அமைந்துவிட்டது; அது இன்றும் இன்டர்நேஷனல் பூலவார்டில் இருக்கிறது. அந்தச் சாலையில் நான் பல முறை காரில் போயிருக்கிறேன்.

எங்கள் நூலக வாசிப்பு வட்டத்தில் ஆர்வில் என்ற பதினான்கு வயதுப் பையன் கண்ணாடி முன் நிற்கும் பகுதியை எடுத்துப் பேசினோம். அவனையும் தம்பிகளையும் வளர்ப்பவர் பாட்டியின் தங்கையான ஓபல். தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்ப்பவர். தங்கள் இனத்தின் வழக்கங்கள் எதையும் பையன்களுக்குச் சொல்லித் தராதவர். ஆட்டத்தை ஆர்வில் யூடியூப் பார்த்துக் கற்கிறான். உண்மையான இந்தியனாக இருப்பது என்றால் என்ன என்று கூகுளில் தேடுகிறான். ஓபலின் அலமாரியிலிருந்து எடுத்த, தனக்குச் சிறிதாகிப்போன ஆட்ட உடையை அணிந்துகொண்டு, தான் வேடம் போட்டவன் போல் இருப்பதாக உணர்கிறான். வட்டத்தில் சிலர் இதைக் கலாசார இழப்பின் சித்திரம் என்றார்கள். அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெண்மணி, தான் ஒரு பூர்வகுடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட்டு, "எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அலமாரி இருந்தது, அதைத் திறந்து பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது" என்றார். இழப்பு என்று சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதால் அன்று அதற்கு மேல் நான் பேசவில்லை.

திருநெல்வேலியிலிருந்து:

கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் கற்பிப்பவள் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். இந்த மக்களை நேரில் சந்திக்கும் வாய்ப்பு எனக்கு அமைந்ததில்லை. நான் சந்தித்தது அவர்களைப் பற்றி நம் தலைக்குள் முன்பே குடியேறியிருந்த படத்தை.

முதுகலை வகுப்பில் இந்நாவலின் முன்னுரைப் பகுதியை வாசிக்கக் கொடுத்தேன். வகுப்பு முழுவதும் அவர்களைச் 'செவ்விந்தியர்' என்றே குறிப்பிட்டது; எனக்கும் அந்தச் சொல் உறுத்தவில்லை. சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் வளர்ந்த தலைமுறை நான். இத்தாலியர்கள் படைத்த டெக்ஸ் வில்லர் நம்மூரில் 'இரவுக் கழுகார்' ஆகி, நவஹோ இனத்தின் தலைவராகவும் இருந்து, கோடை விடுமுறைகளை ஆண்டவர். அந்த இதழ்கள் மீது எனக்கு இன்றும் பிரியம் உண்டு. ஆனால் இறகுத் தொப்பி, குதிரை, புகைச் சமிக்ஞை ஆகியவற்றைத் தாண்டி அந்த மக்களுக்கு இருபதாம் நூற்றாண்டு என்று ஒன்று இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆரஞ்ச் தம் முன்னுரையை அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறார். 1939-இல் உருவாக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சிச் சோதனைச் சித்திரத்தில், வட்டங்களுக்கும் கோடுகளுக்கும் மேலே இறகுத் தலையணியோடு ஓர் இந்தியரின் தலை இருக்கும்; அமெரிக்காவில் இரவு ஒளிபரப்பு முடிந்த பிறகு பல ஆண்டுகள் அதுவே திரையில் நின்றது. (நமக்கு வண்ணப் பட்டைகள் வாய்த்தன.) அந்த ஒற்றைத் தலையிலிருந்து, வெட்டிக் கம்பத்தில் செருகப்பட்ட தலைகள், நாணயத்தில் பொறித்த தலை, விளையாட்டு அணிகளின் சின்னமான தலை என்று நூற்றாண்டுகளை அவர் சில பக்கங்களில் கடக்கிறார். வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் நாம் இவர்களை என்னவென்று அழைப்பது, மேடம்?" என்று கேட்டாள்.

நாவலின் நடுப்பகுதியில் இந்தக் கேள்விக்கு விடை போல ஒரு பெயர்ப் பட்டியலே வருகிறது. அமெரிக்க இந்தியர், பூர்வகுடி அமெரிக்கர், முதல் தேசத்தார், பதிவு பெற்றவர், பதிவு பெறாதவர் என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன, எதுவும் தள்ளப்படுவதில்லை. பாத்திரங்கள் தங்களுக்குள் 'இந்தியன்' என்றும் 'நேட்டிவ்' என்றும் இயல்பாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தெரிந்தால் இனத்தின் பெயரைச் சொல்லுங்கள், ஷையான் என்றால் ஷையான் என்றே எழுதுங்கள் என்று மாணவிக்குப் பதில் சொன்னேன். அடுத்த வகுப்புக்கு அவள், எட்வின் பிளாக் என்ற பாத்திரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டு வந்தாள். பூர்வகுடி இலக்கியத்தை ஆழ்ந்து படித்து முதுகலைப் பட்டம் பெற்ற அந்த எட்வினுக்கே, தந்தையை இணையத்தில் தேடிப் பிடிக்கும் வரை, தான் எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்று தெரியாது. என்னிடம் பதில் இருக்கவில்லை. தேர்வுத் தாள்களில் 'செவ்விந்தியர்' குறையத் தொடங்கியது என்பதை மட்டும் கவனித்தேன்.

சான் ஹோசேயிலிருந்து:

ஃப்ரீமான்ட் நண்பர் குறிப்பிட்ட கண்ணாடிக் காட்சியை நான் வேறு வரிசையில் சந்தித்தேன். முதலில் பவ்வாவ், பிறகு நாவல்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி மாணவர்கள் 1971-இலிருந்து அன்னையர் தின வார இறுதியில் பவ்வாவ் நடத்தி வருகிறார்கள். பெரிய யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வட்டமாக ஆடுகளம் அமைப்பார்கள். ஏழு வயது மகளை அழைத்துக்கொண்டு, ஒரு கண்காட்சிக்குப் போகும் மனநிலையில்தான் போனோம். தொகுப்பாளர் ஒலிபெருக்கியில் முதலில் சொன்னவற்றுள் ஒன்று, ஆடுபவர்கள் அணிந்திருப்பதை 'காஸ்ட்யூம்' என்று சொல்லாதீர்கள், அது 'ரெகேலியா', மரபுச் சிறப்புடை என்பது. இதைச் சொல்லும்போதே அவர் இரண்டு நகைச்சுவைகளும் சொன்னார், கூட்டம் சிரித்தது, ஆனால் விதி விதிதான். தொடக்க ஊர்வலத்தில் கழுகிறகுக் கோலும் கொடிகளும் ஏந்தி முன்னாள் படைவீரர்கள் முதலில் வந்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றோம். சில பாடல்களின்போது படம் எடுக்க வேண்டாம் என்றார்கள். பிற்பகலில் ஆட்டம் ஒன்று திடீரென்று நிறுத்தப்பட்டது. யாருடைய உடையிலிருந்தோ கழுகிறகு ஒன்று மண்ணில் விழுந்திருந்தது. படைவீரர் ஒருவர் வந்து முறைப்படி அதை எடுக்கும் வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

எங்களுக்குப் பக்கத்து மடிப்பு நாற்காலியில் எழுபது வயதை ஒட்டிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். பேச்சைத் தொடங்க நம் மக்களுக்கு ஒரே வழிதானே உண்டு: "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தயங்காமல் "ஓக்லாந்து" என்றார். தம் தாய் 1957-இல், தமக்கு நான்கு வயதாக இருக்கும்போது, அரசு கொடுத்த சீட்டோடு ஓக்லஹோமாவிலிருந்து வந்து இறங்கியதாகவும், திரும்பிப் போக இரண்டு முறை பெட்டி கட்டியதாகவும், இரண்டு முறையும் ஃப்ரெண்ட்ஷிப் ஹவுஸில் யாரோ ஒருவர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு 'இன்டர்டிரைபல்' என்று அறிவித்தார்கள். வந்திருக்கும் யாரும் களத்தில் இறங்கலாம் என்பது அதன் பொருள். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். எங்களுக்கு உரிமை இல்லாத ஒன்றில் கால் வைப்பதாக எனக்குத் தோன்றியதால் வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மையார் என்னைக் கேட்காமலேயே அவள் கையைப் பிடித்து எழுப்பி, "காலைப் பார்க்காதே, முரசைக் கேள்" என்று சொல்லி அழைத்துப் போனார்.

இரண்டு மாதங்கள் கழித்து நாவலில் ஆர்வில் யூடியூப் பார்த்து ஆடக் கற்கும் பக்கம் வந்தபோது, யாராவது ஒருவர் அந்தப் பையனின் கையைப் பிடித்து அழைத்துப் போகக்கூடாதா என்றுதான் நினைத்தேன். அவன் எல்லாவற்றையும் தனியாகவே செய்ய வேண்டியிருக்கிறது. கொலிசியத்தின் உடை மாற்றும் அறையில் மற்ற ஆட்டக்காரர்களுக்கு நடுவே நிற்கும்போதுதான் முதன்முறையாகத் தான் ஒரு கூட்டத்தில் இருப்பதை உணர்கிறான்.

சென்னையிலிருந்து:

எனக்கு ஒரு குறை உண்டு. இத்தனை நுணுக்கமாகக் கட்டிய கூடலை ஆசிரியர் இறுதியில் துப்பாக்கிச் சூட்டில் கொண்டு முடித்தது ஏன்? முப்பரிமாண அச்சில் செய்த பிளாஸ்டிக் துப்பாக்கிகள், பரிசுத் தொகை, உள்ளூர்ப் பையன்களின் கொள்ளைத் திட்டம் என்று கடைசி அறுபது எழுபது பக்கங்கள் திரைப்படம் போல ஓடுகின்றன. தங்கள் வரலாற்றையே துப்பாக்கிக்கு இழந்த மக்கள் மீண்டும் ஒருமுறை வாசகனின் கண்முன் சுடப்பட வேண்டுமா? சுடுபவர்களும் அவர்களே என்பது என் வருத்தத்தை மேலும் கூட்டுகிறது.

ஓக்லாந்திலிருந்து:

சென்னை நண்பரின் குறை நியாயமானது. முதல் வாசிப்பில் எனக்கும் அதே எரிச்சல் இருந்தது. அது எங்கே மாறியது என்பதைச் சொல்கிறேன்.

நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை நாடே நன்றி நவிலும் விருந்துக்குத் தயாராகும்போது, விடியலுக்கு வெகுநேரம் முன்பே சான் பிரான்சிஸ்கோவின் 33-ஆம் படகுத்துறையிலிருந்து அல்கட்ராஸ் தீவுக்குப் படகுகள் புறப்படும். பூர்வகுடிகள் அங்கே தீ வளர்த்து, பிரார்த்தனையும் ஆட்டமுமாகச் சூரியனை வரவேற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அழைத்ததால் ஓராண்டு நானும் போனேன். குளிர் எலும்பைத் தொட்டது. அந்தத் தீவிலிருந்த சிறை 1963-இல் மூடப்பட்டது. 1969 நவம்பர் 20 அன்று 'அனைத்துப் பழங்குடிகளின் இந்தியர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட இளைஞர்கள் தீவைக் கைப்பற்றி, 1971 ஜூன் 11 வரை பத்தொன்பது மாதங்கள் வைத்திருந்தார்கள். இருபத்து நான்கு டாலர் மதிப்புள்ள கண்ணாடி மணிகளும் சிவப்புத் துணியும் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று அரசுக்கு அறிவித்தார்கள். மன்ஹாட்டனை வெள்ளையர்கள் வாங்கியதாகச் சொல்லப்படும் விலை அது. அவர்கள் சிவப்பு வண்ணத்தில் எழுதிய வாசகங்களைத் தண்ணீர்த் தொட்டியில் இன்றும் காணலாம். பூங்காத் துறையே அவற்றைப் புதுப்பித்து எழுதியிருக்கிறது.

நாவலில் ஓபலும் அக்காள் ஜாக்கியும் சிறுமிகளாகத் தாயோடு அங்கே வாழ்கிறார்கள். எனக்கு அது பெருமிதப் பக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அந்தத் தீவில்தான் ஜாக்கி வன்புணர்வுக்கு ஆளாகிறாள். பிறக்கும் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிடுகிறாள். அந்தக் குழந்தை வளர்ந்து, தாயைச் சந்தித்தறியாமலேயே அதே பவ்வாவ் குழுவில் வேலைக்கு வந்து சேர்கிறது. கூடி வாழ்வதை ஆரஞ்ச் எங்கேயும் புனிதமாக்கவில்லை. விடுதலைத் தீவிலும் தீங்கு நடக்கும், திருவிழாவிலும் தீங்கு நடக்கும், ஆனாலும் மக்கள் கூடுவார்கள். தீயருகே நின்றபோது ஒரு பெரியவர் ஒலிபெருக்கியில் சாண்ட் கிரீக்கைப் பற்றிப் பேசினார். 1864 நவம்பர் 29 அன்று ஷையான், அரபஹோ மக்கள் அங்கே கொன்று குவிக்கப்பட்டார்கள். ஆரஞ்ச் அந்த வழி வந்தவர், அவருடைய 2024 நாவலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொலிசியத்தில் பாயும் குண்டுகள் வெகு தொலைவிலிருந்து, பல ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பவை என்ற பொருளில் நாவலில் வரும் வரிகளை அன்றிரவு வீட்டுக்கு வந்து திரும்ப வாசித்தேன். கடைசிப் பக்கங்களின் வேகம் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு பொருந்தவில்லை என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. நாவலின் பாத்திரங்களில் பெரும்பாலோர் ஷையான் மரபினர். ஓக்லாந்து நிலமோ ஓலோனி மக்களுடையது. பக்கத்து எமெரிவில்லில் நான் வாரந்தோறும் போகும் கடைத்தொகுதியை, ஓலோனிகளின் முன்னோர் புதைக்கப்பட்டிருந்த மாபெரும் சிப்பி மேட்டின் மீது கட்டியிருக்கிறார்கள். சாலையின் பெயரே 'ஷெல்மவுண்ட்'. பெயரைப் பல ஆண்டுகள் வாசித்தும் அதன் பொருள் என் மண்டையில் ஏறவில்லை.

ஃப்ரீமான்ட்டிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தலைப்பைப் பற்றி ஒரு சொல். ஓக்லாந்தில் வளர்ந்த கெர்ட்ரூட் ஸ்டைன், 1937-இல் வெளிவந்த தம் நூலில், திரும்பி வந்து பார்த்தபோது அங்கே 'அங்கே' இல்லை என்று எழுதினார். அவருடைய பழைய வீடு இல்லாமல் போயிருந்தது. பிற்காலத்தில் அது ஓக்லாந்தை மட்டம் தட்டும் வாக்கியமாகத் திரிந்தது. நாவலில் ஒரு வெள்ளை இளைஞன் அதை அப்படித்தான் உதிர்க்கிறான். மறைந்த மாமாவின் கனவான கதைப்பதிவுத் திட்டத்தைத் தன் தோளில் சுமக்கும் டீன், தன் மக்களின் 'அங்கே' கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் கிடப்பதை நினைத்துக்கொள்கிறான். சான் ஹோசே நண்பரிடம் ஒரு கேள்வி: அந்த அம்மையார் உங்கள் ஊரைத் திருப்பிக் கேட்கவில்லையா?

சான் ஹோசேயிலிருந்து:

கேட்டார். மன்னார்குடி என்றேன். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். அப்பா காலமான பிறகு வீட்டை விற்றுவிட்டோம் என்றேன். நாங்கள் விருப்பப்பட்டு விற்றதையும் அவர்களிடமிருந்து பிடுங்கியதையும் ஒரே மூச்சில் சொல்வது கூச்சமாக இருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டேன். "அப்படியானால் உங்களுக்கும் ஓக்லாந்துதான்" என்று சொல்லிவிட்டுத் தம் தட்டிலிருந்த பொரித்த ரொட்டியைப் பிய்த்து மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, "இல்லை, சான் ஹோசே" என்று திருத்தினாள்.