கிட்டியில் எலி சிக்கவில்லை, இரை என்ன வைக்கலாம்?

வரப்புக்காரன்:
திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா, பயிர் சூல் கட்டும் பருவம். வரப்போரம் தூர்களைச் சாய்வாகக் கத்தரித்துப் போட்டிருக்கிறது. கிட்டி (மூங்கில் வில்லால் ஆன எலிப்பொறி) வாங்கிப் பொரி வைத்தேன், சேற்றில் கால்தடம் கிட்டி வரை வந்து திரும்பிப் போகிறதே தவிர ஒன்றும் மாட்டவில்லை. கை வாடை பட்டால் எலி வராது, சாம்பல் தேய்த்துக்கொண்டு வை என்கிறார்கள், உண்மையா? மருந்து வைக்கவும் பயம், வீட்டில் நாயும் கோழியும் இருக்கின்றன.

மூங்கில்வில்:
தம்பி, வாடையை விடுங்கள். எலிக்குப் புதுப்பொருள் எதைக் கண்டாலும் சந்தேகம், நேற்று இல்லாத மூங்கில் இன்று பாதையில் கிடந்தால் சுற்றித்தான் போகும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் வில்லை வளைக்காமல் கிட்டியைச் சும்மா போட்டு, இரையை மட்டும் வையுங்கள். தின்று பழகியபின் ஒரு சாயங்காலம் நாணைப் பூட்டுங்கள். எந்த வளையில் எலி இருக்கிறது என்று தெரியாமல் கண்ட இடத்தில் வைத்தாலும் வீண்தான். மாலையில் எல்லா வளையையும் மண் போட்டு மூடுங்கள், காலையில் திறந்து கிடப்பதன் பக்கம் வையுங்கள்.

தாளடி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் இன்னொன்று கேட்க வேண்டும். பக்கத்து வயலில் யாராவது ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்தைப் பொரியில் கலந்து வைத்தார்களா? அதைக் கொஞ்சம் தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலி, அப்புறம் பொரியையே தொடாது. ஒரு எலி எதைத் தின்றது என்பதை மற்ற எலிகள் அதன் வாயை முகர்ந்தே தெரிந்துகொள்ளும், ஒன்று ருசித்துப் பழகினால் மற்றவையும் தேடி வரும்.

வரப்புக்காரன்:
ஆமாம், மேலண்டை வயலில் போன மாதம் வைத்தார்கள்!

தாளடி:
அப்படியென்றால் பொரியை நிறுத்துங்கள். சுட்ட கருவாடோ தேங்காய்ச் சில்லோ கடலை எண்ணெயில் தோய்த்து வையுங்கள், அந்த மணம் தூரத்துக்கு அடிக்கும். கிட்டிக்குப் படியாவிட்டால் புரோமடியோலோன் என்ற எலி மருந்து இருக்கிறது: இரை 96 பங்கு, எண்ணெய் 2, மருந்துத்தூள் 2. சாக சில நாள் ஆகும், அதனால் இரைமேல் எலிக்குச் சந்தேகம் வராது. பொட்டலத்தை வளைக்குள்ளே தள்ளி வாயை மூடுங்கள், வெளியே கிடந்தால் உங்கள் நாய்க்குத்தான் ஆபத்து.

மூங்கில்வில்:
மருந்து வைத்தால் செத்த எலியைத் தேடிப் புதைக்கணும், எலி பிடிக்கும் கூகை ஆந்தை அதைத் தின்றால் அதற்கும் ஆகாது. கூகை உட்காரக் குச்சி நட்டிருந்தால் மருந்துப் பக்கமே போகாதீர்கள். கிட்டி போடுகிற ஆளைக் கூப்பிட்டு எலிக்கு இவ்வளவு என்று பேசிவிடுங்கள், கதிர் வந்தபின் யோசித்துப் பயனில்லை.