பூட்டிக் கிடக்கும் விளைகளுக்குக் கொஞ்சம் பணம்

அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கத்தில் மிச்சமிருக்கும் பணத்தில் ஊர் முகப்பில் வளைவு கட்டலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அதற்குப் பதில், ஊரில் பூட்டிக் கிடக்கும் விளைகளில், அதாவது நம் தோட்ட நிலங்களில், நாலு பேர் சேர்ந்து பயிர் வைக்கக் கொஞ்சம் கொடுக்கலாம் என்பது என் யோசனை.

இங்கே இங்கிலாந்தில் காய்கறி போட நகராட்சி வாடகைக்குத் தரும் நிலத்தை அலாட்மென்ட் என்பார்கள். முழு அளவு 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டு. எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒன்றை எடுத்தோம். சின்னக் குழுக்களுக்குத் தேசிய லாட்டரி நிதி 300 பவுண்டு முதல் 20,000 வரை தருகிறது; நாங்கள் கேட்டது சொற்பம்தான். அதில் விதைக்குப் போனதைவிடத் தண்ணீர்த் தொட்டிக்கும் பெஞ்சுக்கும் போனது அதிகம். பெஞ்சு எதற்கு என்று சண்டை போட்டவனே நான்தான். இப்போது ஒரு பெரியவர் மண்ணைத் தொடாமல் அந்தப் பெஞ்சுக்காகவே சனிக்கிழமை தவறாமல் வருகிறார். ஒரு வாரம் ஆளைக் காணோம் என்று வீட்டுக்குப் போனால், காய்ச்சலில் தனியாகக் கிடக்கிறார்.

ஊரில் அம்மைமார் தனியாக இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் நம் விளைகள் காடாகிக் கிடக்கின்றன. 1942-ல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூருக்குச் சோறு போட்ட மரச்சீனியை, அதான் மரவள்ளிக் கிழங்கை, இன்று கடையில் கிலோ கணக்கில் வாங்குகிறோம்.

மூன்று விளைக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம் கொடுத்துப் பார்ப்போம். வேலி, மோட்டார் ரிப்பேர், நடுவதற்கு மரச்சீனிக் கம்பு, அப்புறம் சாயாச் செலவு. சாயாவை வெட்டிவிடாதீர்கள். வெறும் மரச்சீனி நட்டால் எட்டு மாதம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஊடே பயறும் வெண்டையும் போட்டால் ஐம்பது நாளில் பறிக்க ஆள் வந்துவிடும். பறிக்க வருகிறவர்கள் பேசாமலா போவார்கள்? பெருச்சாளித் தொல்லை இருக்கும், அதற்கும் நாலு பேர் கண் வேண்டும்.

பணத்துக்கு, ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. நம் ஊரில் அப்படி இரண்டு பேரைத் தேடுவதுதான் பெரும்பாடு! சரி, வேறு வேறு தெருக்காரர்களாக இருந்தால் போதும். வாங்கிய பில்லை மட்டும் கேட்போம். எத்தனை கிலோ விளைந்தது என்று அறிக்கை கேட்டால் யாரும் கிட்டே வர மாட்டார்கள்.

நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் பதினொரு மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். என் விளை பன்னிரண்டு சென்டு, கிணறும் உண்டு. முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி சித்தி வீட்டில் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். சாயா குடிக்காமல் சித்தி விடமாட்டாள்.