புதுப்பிப்பு: ஆண்டு நினைவில்லாதவர்களைக் குடும்பக் கதை எழுத வைப்பது எப்படி

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. பணி ஓய்வுக்குப் பிறகு மலேசியாவின் பினாங்கில் நான் நடத்தும் குடும்பக் கதை எழுதும் வகுப்பில், பெரியவர்கள் ஆண்டு தெரியாமல் எழுத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன்.

பலித்தது, ஊரறிந்த சம்பவங்களைப் பிடித்துக் கேட்கச் சொன்னவரின் வழிதான். "எந்த வருஷம் கல்யாணம்?" என்றால் பதில் வராது. "அப்போது பாலம் வந்துவிட்டதா, ஃபெர்ரி மட்டும்தானா?" என்றால், பினாங்குப் பாலம் திறந்த 1985க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் ஜப்பானியர் குண்டு விழுந்த 1941 டிசம்பர், ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் புழங்கிய, வாழைமரப் படம் போட்ட பண நோட்டு, 1957 மெர்டேக்கா (சுதந்திரம்), 1988 பட்டர்வொர்த் படகுத்துறை விபத்து எல்லாமே கைகொடுத்தன.

பழைய படங்களைக் காட்டும் யோசனையில் பெயர்கள் கிடைத்தன, ஆண்டு கிடைக்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. அதிகம் பேசாத பாட்டிமார்கள்தான் காலத்தைத் துல்லியமாகச் சொன்னார்கள். "மூத்தவன் வயிற்றில் இருந்தப்போ" என்று ஆரம்பிப்பார்கள். மகனின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தால் ஆண்டு வந்துவிடும். எவ்வளவு அருமையான நினைவு! அப்புறம், தாத்தாவும் பாட்டியும் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதச் சொல்கிறேன்.