அக்கா மகளுக்கு வந்த கொரியா: ஆட்டம் நின்றாலும் ஊசியை நிறுத்தாதீர்கள்

வயதானவர்களுக்கு வரும் கை நடுக்கம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் சிடன்ஹாம் கொரியா என்ற, கை கால் முகம் தானாகத் துள்ளி ஆடும் நோயைப் பற்றித்தான் பேச்சே இல்லை. என் அக்கா மகளுக்கு அது வந்தபோது ஒன்பது வயது.

முதலில் கெட்டது கையெழுத்து. முத்து முத்தாக எழுதுகிறவள், கோடு தாண்டிக் கிறுக்கினாள். கையிலிருந்த டம்ளர் நழுவும், தோள் துள்ளும், முகம் கோணும். காரணமில்லாமல் அழுவாள். சேட்டை என்று வகுப்பில் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி மந்திரிக்கச் சொன்னார். தூங்கும்போது ஆட்டம் அடங்கிவிடும். அதை வைத்தே நடிக்கிறாள் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குழந்தைகள் மருத்துவர் தன் இரண்டு விரலை நீட்டி, “இறுக்கிப் பிடி பாப்பா, விடாதே” என்றார். அவள் பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது, பால் கறக்கிற மாதிரி. நீட்டிய நாக்கையும் அப்படியே வைத்திருக்க முடியவில்லை. அப்புறம் அக்காவிடம் கேட்டார்: “சில மாசம் முன்னால தொண்டை வலி வந்துச்சாம்மா?” வந்திருந்தது.

தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருள், மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் தாக்கிவிடுகிறது. இது வாதக் காய்ச்சல் (ருமாட்டிக் ஃபீவர்) என்ற நோயின் ஒரு முகம்; அந்த நோய் இதய வால்வையும் கெடுக்கும். அதனால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இவளுக்கு ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை, எக்கோவில்தான் மைட்ரல் என்ற இதய வால்வில் லேசான கசிவு தெரிந்தது.

ஆட்டம் சில மாதங்களில் நின்றுவிட்டது. ஊசி நிற்கவில்லை. 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின், இடுப்பில். போட்ட அன்றைக்குக் கால் ஊன்றவே சிரமப்படுவாள். 25 வயது வரை போடச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தயவுசெய்து யாரும் இதை விட்டுவிடாதீர்கள். மறுபடி தொண்டையில் கிருமி தொற்றினால் வால்வு இன்னும் கெடலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. கர்ப்ப காலத்திலோ, கருத்தடை மாத்திரை எடுக்கும்போதோ ஆட்டம் திரும்ப வரலாம். மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குத் தடையாகும், வெளியே சொல்லாதே என்கிறாள் அக்கா. அதனால் எக்கோ ரிப்போர்ட், ஊசிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு நான் வைத்திருக்கிறேன். பதினெட்டு வயதானதும் அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.