பழைய ஜி.ஐ. குழாய்களை மாற்ற வேண்டும்: எந்த இடத்துக்கு எந்தக் குழாய் பொருந்தும்?

அம்மாப்பேட்டைக்காரர்:
சேலத்தில் என் தந்தை 1988-இல் கட்டிய வீட்டில், காலையில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு வாளித் தண்ணீர் செம்பழுப்பாக வருகிறது. சுவரை உடைத்து வெட்டி எடுத்த அரை அங்குல ஜி.ஐ. (இரும்பு) குழாய்த் துண்டுக்குள் ஒரு பென்சில்கூட நுழையவில்லை. முழுவதும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போடலாம் என்கிறார் பிளம்பர், பி.பி.ஆர். (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) தான் நல்லது என்கிறார் கடைக்காரர். பிளாஸ்டிக்கை நம்பாதே, மறுபடியும் ஜி.ஐ. போடு என்கிறார் சித்தப்பா. மாடியில் சோலார் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டிகள் உள்ளன. மூவரில் யார் சொல்வதைக் கேட்பது?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:
மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் வீடு முழுவதற்கும் ஒரே குழாயைச் சொல்வதுதான் சிக்கல். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. அந்தப் பூச்சு கரைந்ததும் இரும்பு துருப்பிடிக்கிறது, துருவின் சொரசொரப்பில் உப்பு ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டி எடுக்கும் மண் நம்முடையது. போர் தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றிச் சேலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வெட்டி எடுத்த துண்டே அதற்குச் சாட்சி.

குளிர்ந்த நீருக்கு யு.பி.வி.சி. (கெட்டியான பி.வி.சி. பிளாஸ்டிக்) போதும். ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தரக் குழாய் 45 டிகிரி வரையிலான நீருக்கு உரியது. அதற்கு மேல் சூடான நீர் ஓடினால் நெகிழ்ந்து தொய்யும். அதே பி.வி.சி.யில் குளோரினைக் கூடுதலாகச் சேர்த்து வெப்பம் தாங்கச் செய்ததே சி.பி.வி.சி.; ஐ.எஸ். 15778 முத்திரை இருக்கிறதா என்று குழாயின் மேலேயே பாருங்கள். ஒன்றின் பசையை மற்றொன்றுக்குப் பூசக் கூடாது. சி.பி.வி.சி.யில் மரை வெட்டவும் கூடாது. பித்தளை மரை பதித்த இணைப்பை வாங்கி டெஃப்லான் நாடா சுற்ற வேண்டும். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை குழாயில் அல்ல, அவசரமாக ஒட்டிய இணைப்பில்தான் இருந்தன. காலையில் ஒட்டிவிட்டு மாலையில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் முழுவதும் காய விடுங்கள்.

ஏற்காட்டுவாசி:
மலையில் நிலைமை வேறு. எங்கள் தொட்டி வீட்டுக்கு ஏறத்தாழ 40 மீட்டர் மேலே இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பதால், வீட்டுக் குழாயை மூடும்போது நான்கு கிலோ அழுத்தம் முழுவதும் இணைப்புகளில் வந்து நிற்கும். முதலில் தரையோடு போட்ட பி.வி.சி. வெயிலில் நொறுங்கும் பதத்துக்கு வந்தது. மிச்சத்தைக் காட்டெருமை மிதித்து முடித்தது. இப்போது கருப்பு எச்.டி.பி.இ. (அடர்த்தியான பாலிஎத்திலீன்) குழாய்ச் சுருளை மண்ணுக்குள் புதைத்திருக்கிறேன். நீளமான சுருள் என்பதால் இணைப்புகள் குறைவு, சரிவுக்கேற்ப வளைந்தும் கொடுக்கிறது. வீட்டுக்குள் பி.பி.ஆர். போட்டேன். அதைப் பசையால் ஒட்டுவதில்லை, உருக்கி இணைக்கிறார்கள். சரியாகச் செய்தால் குழாயும் இணைப்பும் ஒன்றாகிவிடும். அதிக நேரம் சூடாக்கினால் உருகிய விளிம்பு உள்ளே திரண்டு வழியை அடைத்துவிடும். பழகிய கை கிடைக்காவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

அம்மாப்பேட்டைக்காரர்:
நன்றி ஐயா. மேல்நிலைத் தொட்டி கீழ்த்தளக் குழாயைவிட ஐந்து மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அழுத்தம் குறைவு என்றால் அரை அங்குலமே போதும் அல்லவா?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:
அதற்கு நேர்மாறு. உங்களுக்குக் கிடைப்பது அரைக் கிலோ அழுத்தம். எந்தக் குழாயும் அதைத் தாங்கும். அழுத்தம் குறைவாக இருப்பதால்தான் உள்விட்டம் பெரிதாக இருக்க வேண்டும். கடையில் ஏமாறும் இடமும் இதுவே. பி.பி.ஆர். குழாயை வெளிவிட்டத்தால் அழைப்பார்கள். சுவர் தடிமன் என்பதால் 20 மி.மீ. குழாயின் உள்வழி 14 மி.மீ. அளவில்தான் இருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயை ஒன்றேகால் அங்குலமாகவும், குளியலறைக்குள் முக்கால் அங்குலமாகவும் வையுங்கள். கடைசித் திறப்புக்கு மட்டும் அரை அங்குலம் போதும்.

சேலம் குகைப் பகுதி, பிளம்பிங் வேலை செய்பவர்:
ஜி.ஐ.யை அடியோடு ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒருநாள் முழுவதும் வெந்நீர் எடுக்காவிட்டால் சோலார் தொட்டியில் சூடு 80 டிகிரியைத் தாண்டக்கூடும். சி.பி.வி.சி.யின் எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே தொட்டியை விட்டு வெளிவரும் முதல் சில அடிகளுக்கு ஜி.ஐ. போடுகிறேன். சூட்டில் அதுவும் ஒருநாள் அரிக்கும்; ஆனால் மொட்டை மாடியில் கண்ணெதிரே இருப்பதால் சுவரை உடைக்காமல் மாற்றலாம். அதன் பிறகு சி.பி.வி.சி.யை இறக்கும்போது இறுக்கிப் பிடிக்காதீர்கள். பத்து மீட்டர் நீளம் 50 டிகிரி சூடேறினால் மூன்று சென்டிமீட்டர் நீளும். கிளாம்பை நகர இடம் விட்டுப் பூட்டுங்கள். வெயில் படும் பகுதிக்கு ஆயில் பெயின்ட் வேண்டாம், தண்ணீரில் கலக்கும் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். கழிவுநீருக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீர் வடிகாலுக்கான பி.வி.சி.) குழாய் தனி, அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அம்மாப்பேட்டைக்காரர்:
போர் தண்ணீருக்கு யு.பி.வி.சி., வெந்நீருக்குச் சி.பி.வி.சி., சோலார் வாயில் நான்கு அடி ஜி.ஐ. என்று முடிவு செய்துவிட்டேன். நான்கு அடிக்கு ஜி.ஐ. இருப்பதால் சித்தப்பாவும் சம்மதித்துவிட்டார்.