பாறையேறும் ரிமோட் வண்டி: பேட்டரியை முன்னால் கொண்டுபோகலாமா?

பாளைக் கல்லேறி

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ராக் கிராலர், அதாவது பாறையேறும் ரிமோட் வண்டி; வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு, அதாவது சக்கர அச்சுகளுக்கு, இடையிலான தூரம்) 313 மில்லிமீட்டர். பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை 3 கிலோ. தராசில் நிறுத்துப் பார்த்தபோது முன்சக்கரங்களில் 1,440 கிராமும் பின்சக்கரங்களில் 1,560 கிராமும் இருந்தன. 300 கிராம் எடையுள்ள லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, கியர்பாக்ஸுக்குப் பின்னால் சேசிஸின்மேல் (வண்டியின் அடிச்சட்டத்தின்மேல்) படுத்திருக்கிறது.

ரெட்டியார்பட்டி மலைப் பக்கத்துப் பாறைகளில் ஏற்றும்போது, முன்டயர்கள் மேல்விளிம்பைத் தொட்ட பிறகும் பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுழல்கின்றன. பின்டயர்கள் தொடர்ந்து தள்ளுவதால் வண்டி மல்லாந்து விடுகிறது. பேட்டரியை 150 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்த இடம் இருக்கிறது. ஆனால் சர்வோவுக்கு (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாருக்கு) மேலே தட்டு அடிக்க வேண்டியிருப்பதால், இப்போதுள்ளதைவிட 40 மில்லிமீட்டர் உயரத்தில்தான் வைக்க முடியும். உயரம் கூடினால் பக்கவாட்டில் கவிழும் என்கிறார் உடன் ஓட்டும் நண்பர். எதை நம்புவது?

அம்பை மலையடிவாரம்

தம்பி, முன்பின் எடையை நிறுத்துவிட்டே கேட்டிருக்கிறீர்கள். அதனால் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். நிறுக்கும்போது தராசில் ஏறாத சக்கரங்களுக்கு அடியிலும் தராசின் உயரத்துக்கே கட்டை வைத்திருந்தீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி மல்லாந்து விழுவதைத் தீர்மானிப்பவை இரண்டே அளவுகள்தான்: எடை மையம் பின் ஆக்சிலிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. உங்கள் வண்டியில் முன்பக்கம் 48 சதவீதம் என்பதால் மையம் பின் ஆக்சிலிலிருந்து 150 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது. உயரம் 110 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 54 டிகிரி ஏற்றத்தில் வண்டி மல்லாந்து விழ வேண்டும். ஏறும்போது பின் ஸ்பிரிங் அமுங்குவதால், பாறையில் அதற்குச் சற்று முன்பாகவே விழும்.

பேட்டரியை 150 மில்லிமீட்டர் முன்னால் கொண்டுபோனால் முன் ஆக்சிலுக்கு 144 கிராம் கூடுகிறது, எடை மையம் 15 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. 40 மில்லிமீட்டர் உயர்த்தி வைப்பதால் மையமும் 4 மில்லிமீட்டர் மேலே போகிறது. இரண்டையும் சேர்த்தால் ஏற்ற எல்லை 55 டிகிரியைச் சற்றே தாண்டும். உயர்த்தாமல் அதே மட்டத்தில் முன்னால் வைக்க முடிந்தால் 56 டிகிரிக்கு மேல் கிடைக்கும். அதாவது, முன்னால் போவதில் கிடைக்கும் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தத் தட்டின் உயரம் தின்றுவிடுகிறது. நண்பரின் அச்சமும் நியாயமானதே: இடது, வலது டயர்களின் நடு இடைவெளி 190 மில்லிமீட்டர் என்றால் பக்கச் சாய்வின் எல்லை சுமார் 41 டிகிரியிலிருந்து 40க்கு இறங்கும்.

இவற்றில் உயரம் மட்டும் என் ஊகம். உங்கள் வண்டியின் உண்மையான உயரம் தெரிய வேண்டுமானால், சொரசொரப்பான பலகையில் வண்டியை நிறுத்தி, ஷாக் (ஸ்பிரிங்கோடு கூடிய அதிர்வுதாங்கி) அமுங்காதபடி கட்டிவிட்டு, பலகையின் முன்முனையை மெதுவாகத் தூக்குங்கள். முன்டயருக்கு அடியில் செருகிய காகிதத் துண்டு தடையில்லாமல் உருவி வரும் இடத்தில் நிறுத்தி, கைபேசியின் சாய்வுமானியைப் பலகைமேல் வைத்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 150ஐ அந்தக் கோணத்தின் டேஞ்சன்டால் வகுத்தால் உயரம் வந்துவிடும். பின்சக்கரம் வழுக்காமல் ஒரு சட்டத்தை முட்டுக் கொடுக்க மறக்க வேண்டாம்.

வள்ளியூர்க் காற்று

ஏறுவதை மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. ஏறிய பாறையிலிருந்து இறங்கியும் ஆக வேண்டும். மேலே சொன்ன அதே கணக்கின்படி, இறக்கத்தில் குப்புற விழும் எல்லை 56 டிகிரியிலிருந்து 52க்கு வந்துவிடுகிறது. ஏற்றத்தில் இரண்டு டிகிரிகூடக் கிடைக்காமல் இறக்கத்தில் நான்கு டிகிரியை இழப்பதை நான் ஏற்க மாட்டேன். எடையைக் கீழே இறக்குவது ஒன்றுதான் ஏற்றம், இறக்கம், பக்கச் சாய்வு மூன்றுக்கும் உதவும்.

அம்பை மலையடிவாரம்

அண்ணாச்சி சொல்வது சரி. அந்த உயரத் தட்டை நானும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக முன் ஆக்சிலில் 200 கிராம் பித்தளை நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டு) ஆக்சில் மூடியும் மாட்டினால், அந்த எடை தரையிலிருந்து 55 மில்லிமீட்டர் உயரத்தில்தான் உட்காரும். பேட்டரி இப்போதுள்ள இடத்திலேயே இருந்தாலும்கூட முன்பங்கு 51 சதவீதத்தைத் தாண்டும், மையமும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும், ஏற்ற எல்லை 56 டிகிரியைக் கடக்கும். இறக்கத்தில் ஒரு டிகிரிக்குள்தான் குறையும்; பக்கச் சாய்வு எல்லையோ கொஞ்சம் கூடவே செய்யும். மோட்டாரும் சர்வோவும் கூடுதல் சுமையைச் சுமக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மெதுவாக ஊர்ந்து ஏறும் வண்டிக்கு அது தாங்கக்கூடிய விலை.

தென்காசிச் சாரல்

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மோட்டார் முறுக்கும்போது ஷாஃப்டின் (சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின்) எதிர்விசையால் சேசிஸ் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்; அதனால் முன்சக்கரம் ஒன்று மற்றதைவிட முன்னதாகத் தூக்கும். எந்தச் சக்கரம் தூக்குகிறது என்று கவனித்து, பேட்டரியை அந்தப் பக்கமாகப் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் ஒதுக்கிக் கட்டிப் பாருங்கள்.

பாளைக் கல்லேறி

மிக்க நன்றி. தட்டு அடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மாறாக, கியர்பாக்ஸின் பக்கவாட்டில், சேசிஸ் மட்டத்திலேயே, 180 கிராம் எடையுள்ள குட்டை லைப்போ ஒன்று அடங்கும்போல் தெரிகிறது. முன் ஷாக் முழுவதும் அமுங்கிய நிலையில் ஸ்டீயரிங் தண்டு அதில் உரசுமா?

அம்பை மலையடிவாரம்

வாங்குவதற்கு முன்பே அதே அளவில் அட்டைப்பெட்டி ஒன்று செய்து, அந்த இடத்தில் ஒட்டிவையுங்கள். முன்பக்கத்தைக் கையால் முழுவதும் அழுத்தி, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். பிறகு ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்சில் கோணலாக இருக்கும் நிலையிலும் திருப்புங்கள். அட்டையில் கீறல் விழாவிட்டால் தாராளமாக வாங்கலாம். கடினமான உறை போட்ட பேட்டரியாகவே பாருங்கள். அந்த இடத்தில் கல் நேராக வந்து மோதும்.