'ஹிப்போஸ்' பெண்பாலில் வந்தால் பெண்குதிரையா? பழைய கிரேக்கச் சொற்களில் உதவி வேண்டும்

கேள்வி

வணக்கம். கல்லூரி மாணவன் நான். இரண்டு வருடமாகப் பழைய கிரேக்கத்தை நானாகவே படித்து வருகிறேன். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் வரலாற்றைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று தொடங்கி, முதல் நூலின் 80ஆம் பகுதியில் மாட்டிக்கொண்டேன்.

சார்டிஸ் நகருக்கு முன்னால் உள்ள பெரிய சமவெளி. ஒரு பக்கம் லிடியா மன்னன் குரோசஸின் படை, எதிரே பாரசீகத்தின் சைரஸ். லிடியர்கள் அணிவகுப்பதைப் பார்த்த சைரஸ் 'தேன் ஹிப்பொன்' கண்டு மிரண்டான் என்று வருகிறது. 'தேன்' என்பது பெண்பால் ஒருமை ஆர்ட்டிகிள். அகராதியில் முதல் வரியே 'ஹோ ஹிப்போஸ்' ஆண்குதிரை, 'ஹே ஹிப்போஸ்' பெண்குதிரை என்கிறது. அதன்படி எழுதினால் "சைரஸ் பெண்குதிரையைக் கண்டு மிரண்டான்" என்றாகிறது. அவ்வளவு பெரிய படையோடு வந்தவன் ஒரு பெண்குதிரைக்கு ஏன் மிரள வேண்டும்? அச்சுப் பிழையோ என்று இன்னொரு பதிப்பையும் பார்த்தேன், அதிலும் அப்படியேதான் இருக்கிறது. 'பெண்குதிரைகள்' என்று பன்மையாக்கலாம் என்றால் மூலத்தில் ஒருமை. லிடியர்கள் பெண்குதிரைகளில் ஏறித்தான் போருக்குப் போனார்களா? மூன்று நாளாக இந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை.

பதில் 1

தம்பி, பதிப்பில் பிழை இல்லை. அது பெண்குதிரையும் இல்லை. பெண்பால் ஒருமையில் படையைப் பற்றிய பேச்சில் 'ஹே ஹிப்போஸ்' வந்தால் குதிரைப்படை என்று பொருள். உங்கள் அகராதியில் அதே சொல்லுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் படித்தால் இந்தப் பொருளும் இருக்கும்.

என்னை நம்ப வேண்டாம், அதே 80ஆம் பகுதியைப் பாருங்கள். சைரஸ் ஒட்டகங்களை முன்னால் நிறுத்துகிறான், அவற்றுக்குப் பின்னால் காலாட்படை, அதற்கும் பின்னால் 'தேன் பாசன் ஹிப்பொன்'. 'பாசன்' என்றால் 'முழுவதும்'. பெண்குதிரை முழுவதையும் பின்னால் நிறுத்தினான் என்று யாரும் எழுத மாட்டார்கள். தன் குதிரைப்படை முழுவதையும் நிறுத்தினான் என்பதுதான் செய்தி.

அடுத்து வரும் வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டகத்தை ஏன் முன்னால் விட்டான் என்பதற்கு ஹெரோடோட்டஸ் காரணம் சொல்கிறார்: குதிரை ஒட்டகத்துக்குப் பயப்படும், அதன் உருவத்தைப் பார்த்தாலும் பொறுக்காது, வாடை பட்டாலும் பொறுக்காது. இங்கே 'பார்த்து', 'மோந்து' என்ற இரண்டு வினையெச்சங்களும் ஆண்பால் வடிவில் இருக்கின்றன. அதாவது வாடையை மோந்து மிரளும் குதிரை ஆண்பால், சைரஸை மிரள வைத்த 'குதிரை' பெண்பால். ஒரே பகுதியில் ஒரே சொல். உயிருள்ள விலங்கு ஒன்று, படைப்பிரிவு இன்னொன்று. அதே இடத்தில் 'கமேலோஸ்' என்ற ஒட்டகச் சொல்லும் பெண்பால் ஒருமையில் வந்து ஒட்டகப் படையைக் குறிக்கிறது, கவனியுங்கள்.

இன்னொரு சோதனை எண்ணிக்கை. ஏழாம் நூலின் 41ஆம் பகுதியில் பாரசீக மன்னன் செர்க்சிஸின் அணிவகுப்பு வருகிறது. அங்கே 'ஹிப்போஸ் மூரியே' என்று இருக்கும். பெயரும் ஒருமை, 'பத்தாயிரம்' என்ற அடையும் ஒருமை, பெண்பால். பத்தாயிரம் பேர் கொண்ட குதிரைப்படை என்பதை இப்படித்தான் சொல்வார்கள்.

நிஜமாகவே பெண்குதிரை வரும் இடமும் உண்டு. ஆறாம் நூலின் 103ஆம் பகுதியில் ஏதென்ஸ்காரரான கிமோன் ஒரே நான்கு பெண்குதிரைகளை ஓட்டி மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தேர்ப்பந்தயம் வென்ற கதை இருக்கிறது. அவர் கல்லறைக்கு எதிரிலேயே அந்தக் குதிரைகளையும் புதைத்தார்கள். அங்கே பெண்பால் பன்மை. ஆக, பன்மையா ஒருமையா, பேச்சு படையைப் பற்றியா விலங்கைப் பற்றியா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் வராது.

தமிழுக்கும் இது அந்நியம் இல்லை. தொல்காப்பியம் போரைச் சொல்லும் தும்பைத் திணையில் 'தானை யானை குதிரை' என்கிறது. அங்கே குதிரை என்பது ஒரு குதிரையா? படைதானே. இருந்தாலும் இன்றைய உரைநடைக்குக் 'குதிரைப்படை' என்றே எழுதுங்கள்.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. 'பாசன்' என்ற சொல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், அது இவ்வளவு சொல்லும் என்று தோன்றவே இல்லை. இப்போது திரும்பப் படித்தால் அந்தச் சமவெளியே கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முந்தைய பகுதியில் லிடியர்கள் குதிரை மேலிருந்து நீண்ட ஈட்டியோடு சண்டையிடுவார்கள், நல்ல குதிரையேற்றக்காரர்கள் என்று சொன்னதும் இதற்குத்தான் போலிருக்கிறது.

இதே போல இன்னொரு இடம். இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ், ஐந்தாம் நூல், கி.மு. 418இல் நடந்த மாண்டினியா போர். ஸ்பார்ட்டா மன்னன் ஏகிஸைச் சுற்றி 'ஹிப்பேய்ஸ்' 300 பேர் நின்றார்கள் என்று வருகிறது. 'குதிரைவீரர் 300 பேர்' என்று எழுதினேன். ஆனால் அவர்கள் நடுவில் காலாட்களோடு நின்று சண்டையிடுகிறார்கள். குதிரையே கண்ணில் படவில்லை. இங்கே என்ன தவறு செய்தேன்?

பதில் 2

இலக்கணத்தில் தவறு இல்லை, ஊர்தான் வேறு. ஸ்பார்ட்டாவில் 'ஹிப்பேய்ஸ்' என்பது தேர்ந்தெடுத்த 300 இளைஞர்களின் பெயர். மன்னனின் மெய்க்காவல் அவர்கள் பொறுப்பு. சண்டையிடுவது தரையில் நின்று. துசிடிடிஸ் 'ஹிப்பேய்ஸ் என்று அழைக்கப்படும் 300 பேர்' என்றுதான் எழுதுகிறார், அந்த 'அழைக்கப்படும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 'ஹிப்பேய்ஸ்' என்றே வைத்து, முதல் முறை வரும்போது 'மன்னனின் மெய்க்காவலர்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

ஏதென்ஸுக்குப் போனால் அதே சொல் வேறு வேலை பார்க்கும். அந்நகரின் சட்டம் வகுத்த சோலோன் குடிமக்களை விளைச்சல் அளவை வைத்து நான்காகப் பிரித்தார். வருடத்துக்கு 500 அளவு விளைவிப்பவர் முதல் வகுப்பு, 300 அளவு என்றால் 'ஹிப்பேய்ஸ்', 200 அளவு என்றால் 'சூகிடாய்', அதற்கும் கீழே 'தேட்டெஸ்'. இங்கே அது செல்வ நிலையைச் சொல்கிறது. அதே ஏதென்ஸில் போர்க்களக் காட்சி என்றால் குதிரைவீரர்கள்தான்.

ஹோமரில் இன்னொரு சிக்கல். வீரன் 'ஹிப்போய்' (குதிரைகள்) மேலிருந்து தரைக்குக் குதித்தான் என்று வந்தால், அவன் இறங்குவது தேரிலிருந்து. குதிரை முதுகிலிருந்து என்று எழுதினால் காட்சியே மாறிவிடும்.

அப்புறம் பதவிப் பெயர்கள். 'ஹிப்பார்கோஸ்' குதிரைப்படைத் தலைவர், ஏதென்ஸில் இருவர். அவர்களுக்குக் கீழே பத்துக் குலங்களுக்கும் ஒவ்வொரு 'ஃபூலார்கோஸ்'. ஆனால் ஹிப்பார்கோஸ் ஆள்பெயராகவும் வரும். கி.மு. 514இல் கொல்லப்பட்டவர் பெயரே அதுதான்.

கேட்டவர்

சரி, இது நன்றாக மனதில் பதிந்துவிட்டது. கடைசியாக ஒன்று. பயிற்சிக்காக கிரேக்க எழுத்தாளர் செனோபோனின் குதிரையேற்ற நூலையும் கொஞ்சம் எடுத்திருக்கிறேன். குதிரை வாங்கும்போது குளம்பைப் பார்க்கச் சொல்லும் இடத்தில் 'கெலிடோன்' என்று வருகிறது. அகராதியில் தகைவிலான் குருவி என்று இருக்கிறது. குளம்பில் குருவி எப்படி? இன்னொரு இடத்தில் 'அங்கவடியில் கால் வைத்து ஏறினான்' என்று எழுதியிருக்கிறேன், அதுவும் சரியா என்று சொல்லுங்கள்.

பதில் 3

எனக்குக் கிரேக்கம் தெரியாது, மொழிபெயர்ப்பில்தான் அந்த நூலைப் படித்தேன். ஆனால் லாயத்தில் பதினோரு வருடமாகக் குதிரை பார்க்கிறேன், இது எனக்குத் தெரிந்த விஷயம். தினமும் காலையில் குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்து, கொக்கியால் குளம்பின் அடியைச் சுரண்டி எடுப்போம். மண்ணும் சாணமும் போனதும் நடுவில் ஒரு முக்கோணம் தெரியும். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், நடுவே ஒரு பள்ளம், குதிகால் பக்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். தகைவிலான் பறக்கும்போது வால் எப்படி இரண்டாகப் பிளந்திருக்கும், அப்படியே இருக்கும். கிரேக்கர்கள் அதற்குக் குருவிப் பெயர் வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆங்கிலத்தில் அதையே தவளை என்கிறார்கள்.

உயர்ந்த குளம்பு இந்தத் தகைவிலானைத் தரையில் படாமல் தூக்கி வைக்கும் என்கிறார் செனோபோன். குழிவான குளம்பு தரையில் பட்டால் தாளம் போல ஒலிக்கும் என்றும் எழுதுகிறார். 'குளம்பின் அடியில் தகைவிலான் என்று சொல்லும் பகுதி' என்றே நீங்கள் எழுதலாம், படிக்கிறவருக்குப் புரியும்.

அங்கவடியை எடுத்துவிடுங்கள் தம்பி. கிரேக்கர்களிடம் அது கிடையாது. இடது கையில் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு, பிடரி மயிரைப் பற்றியோ ஈட்டியை ஊன்றியோ தாவி ஏறுவார்கள். 'எஃபிப்பியோன்' என்று வந்தால் அதுவும் இன்றைய சேணம் இல்லை, முதுகில் போடும் விரிப்பு. லாடமும் அடித்ததில்லை. அதனால்தான் செனோபோன் லாயத்துக்கு வெளியே நான்கைந்து வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டச் சொல்கிறார். ஒவ்வொன்றும் கைக்கு அடங்கும் அளவு, ஒரு மினா எடை, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குதிரை அதன் மேல் நின்று நின்று குளம்பு இறுக வேண்டும். லாடம் என்ற சொல் உங்கள் பக்கத்தில் எங்காவது இருந்தால் அதையும் பாருங்கள்.

கேட்டவர்

அண்ணா, லாடம் ஒரு இடத்தில் இருந்தது, எடுத்துவிட்டேன். குருவிக்கு மூலத்தின் பெயரையே வைத்துக்கொள்கிறேன். மூன்று நாள் நின்ற வரி இப்போது இப்படி இருக்கிறது: "லிடியர்கள் போருக்கு அணிவகுப்பதைக் கண்ட சைரஸ், அவர்களுடைய குதிரைப்படையை எண்ணி மிரண்டான்." ஐயா, 'கண்டு' என்பதைவிட 'எண்ணி' பொருந்துகிறதா?

பதில் 1

பொருந்துகிறது. 'கண்ட' என்று முன்னாலேயே வந்துவிட்டது, மூலத்திலும் பார்த்தது அணிவகுப்பை, அஞ்சியது குதிரைப்படைக்கு. அப்படியே வைத்துக்கொண்டு ஒட்டகத்துக்குப் போங்கள்.